நிலாவெளிக் காணியை விற்கும் முன்

அன்புள்ள அம்மாவுக்கு,

செவ்வாய்க்கிழமை மகனின் படிப்புக்கு வழிகாட்டல் கேட்டு நீங்கள் என்னிடம் வந்தபோது, கைப்பைக்குள்ளிருந்து ஒரு பழைய பால்மாப் பையை எடுத்து மேசையில் வைத்தீர்கள். அதற்குள் நான்காக மடித்த நிலாவெளிக் காணியின் உறுதிப் பத்திரம் இருந்தது. மடிப்புகள் கிழிந்துவிடாமல் ஒட்டுநாடா ஒட்டியிருந்தீர்கள். "இந்தக் காணியை விற்று மகனைக் கனடாவுக்குப் படிக்க அனுப்பட்டுமா? உலகம் போகிற போக்கில் அங்கேயும் ஒன்றும் மிஞ்சாதா?" என்று கேட்டீர்கள். வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருந்ததால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காணியை இப்போது விற்காதீர்கள். கனடாவைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. வீட்டிலிருக்கும் ஒரே மூலதனத்தை ஒரு நாட்டின் விசா விதியை நம்பிப் போடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

2023 டிசம்பர் வரை கனடாவுக்குப் படிக்கப் போகும் மாணவர், கல்விக் கட்டணத்துக்கு மேலாக வாழ்க்கைச் செலவுக்கு 10,000 கனடிய டொலர் காட்டினால் போதும். 2024 ஜனவரி முதலாம் திகதி அது 20,635 டொலரானது. அதே மாதத்தில் மாணவர் அனுமதிகளின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வைத்தார்கள். அவுஸ்திரேலியாவில் 710 டொலராக இருந்த மாணவர் விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 1,600 ஆகவும் அடுத்த ஜூலையில் 2,000 ஆகவும் ஏறியது. அந்த நாடுகளில் வீட்டு வாடகை ஏறியது, குடியேற்றம் தேர்தல் பேச்சானது, விதி மாறியது. விதி மாறும்போது நிலாவெளியில் யார் எந்தக் காணியை விற்றார் என்று எவரும் பார்ப்பதில்லை.

நாணய மாற்று வீதம் இன்னொரு பக்கம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் சுமார் 200 ரூபாய். மே மாதத்தில் அது 360 ரூபாய் அளவில் நின்றது. பத்தாயிரம் டொலர் கட்டணத்துக்கு 20 இலட்சம் சேர்த்து வைத்திருந்த பெற்றோர், இரண்டே மாதத்தில் 36 இலட்சம் தேட வேண்டியதாயிற்று. அப்படிப் பாதியில் திரும்பிய பிள்ளைகளின் முகங்கள் எனக்குத் தெரியும்.

உங்கள் வீட்டு வருமானம் ஏற்கெனவே வெளிநாட்டில்தான் இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். 2025 ஜூன் 23 இரவு, கத்தாரிலுள்ள அமெரிக்கத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளை வீசியபோது, அங்கே வேலை செய்யும் கணவருக்கு அழைப்பு எடுத்துக்கொண்டே விடியும்வரை வாசற்படியில் இருந்ததாகச் சொன்னீர்கள். தந்தையின் சம்பளம் ஒரு நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கும்போது, மகனின் படிப்பையும் காணியை விற்று இன்னொரு நாட்டின் கையில் கொடுப்பது கூடுதல் பாரம்.

இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. 2013இல் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு மாணவனுக்கு, கட்டட அளவைகளைக் கணக்கிடும் கியூ.எஸ். படிப்பைப் பரிந்துரைத்தேன். படித்து முடித்ததும் வளைகுடாவுக்குப் போ என்றேன்; வேறு வழியெதையும் காட்டவில்லை. அவன் போனான். 2014 நடுப்பகுதியில் பீப்பாய் ஒன்று 100 டொலருக்கு மேல் விற்ற மசகு எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டொலருக்கும் கீழே இறங்கியது. அங்கே கட்டட வேலைகள் நின்றன. ஏழு மாதச் சம்பள நிலுவையோடு அவன் ஊர் திரும்பினான். எண்ணெய் விலை இறங்கினால் இலங்கைக்கு நல்லது என்று மட்டுமே நான் நினைத்திருந்தேன். அதே இறக்கம் நம் பிள்ளைகளின் வேலையைப் பறிக்கும் என்று யோசிக்காதது என் பிழை.

ஆனால் அவனிடம் தொழில் இருந்தது. ஊரில் சின்னச் சின்ன வீட்டு வேலைகளுக்கு மதிப்பீடு எழுதிக்கொண்டே மிச்சப் பரீட்சைகளையும் முடித்தான். இன்று கொழும்பு நிறுவனமொன்றுக்காக, கிண்ணியாவில் தன் வீட்டு அறையிலிருந்தபடியே பிரித்தானியக் கட்டடங்களுக்கு அளவைக் கணக்குப் போடுகிறான்.

நம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரைப் பாருங்கள். அங்கே 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வரப்போகிறது என்று எத்தனை ஆண்டுகள் பேசினார்கள்! 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது, அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. நிலக்கரியை நம்பிக் காத்திருந்தவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மின்னியல் படித்தவனுக்கோ இரண்டிலும் இடமுண்டு.

நம் துறைமுகக் கரையிலுள்ள சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளும் அப்படித்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்து 99 தாங்கிகள். 2003இல் இந்திய நிறுவனத்துக்குக் குத்தகைக்குப் போனபிறகும் பெரும்பகுதி பற்றைக்குள்ளேயே கிடந்தது. 2022 ஜனவரியில் 61 தாங்கிகளைக் கூட்டாக மேம்படுத்த உடன்பாடு வந்தது. 2025இல் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் சேர்ந்து, திருகோணமலையை எரிசக்தி மையமாக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. இது மெய்யான வாய்ப்பு என்று நம்புகிறேன். நம் துறைமுகத்தின் ஆழத்தை எந்த நாடும் மறக்கப்போவதில்லை. ஆனாலும் ஒப்பந்தத்தில் மை காய்வதற்கும் நம் பிள்ளைக்கு நியமனக் கடிதம் வருவதற்கும் இடையில் எத்தனை ஆண்டு என்று எவராலும் சொல்ல முடியாது. அந்த இடைவெளியில் பிள்ளை சோறு சாப்பிட வேண்டும். ஆகவே திட்டம் வந்தாலும் வராவிட்டாலும் தேவைப்படுகிற தொழிலைப் படிக்கட்டும்: மின்னியல், கருவிக் கட்டுப்பாடு, குழாய் ஒட்டுவேலை, குளிரூட்டல், தொழிற்பாதுகாப்பு. சீனக்குடாவின் மாவு ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும் இன்றைக்கே இவை தேவை. கத்தாருக்கும் தேவை, கனடாவுக்கும் தேவை.

சுற்றுலாவை மட்டும் நம்ப வேண்டாம் என்பேன். 2018இல் நிறைந்திருந்த விடுதிகள் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், மறு ஆண்டு கொரோனாவிலும் எப்படிக் கிடந்தன என்று உப்புவெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி மகன் விடயம். உயர்தரப் பரீட்சையின் கணிதப் பிரிவில் இரண்டு சி, ஒரு எஸ் (சாதாரண சித்தி) என்றீர்கள். "பெயில் மாதிரித்தான்" என்றும் சொன்னீர்கள். அந்தச் சொல்லை அவன் முன்னால் சொல்ல வேண்டாம், அம்மா. மூன்று பாடத்திலும் அவன் சித்தியடைந்திருக்கிறான். முதலில், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியை வைத்துப் பல்கலைக்கழக விண்ணப்பத்தை ஒழுங்காகப் போடுங்கள். கல்வியில் பின்தங்கியவை என்று வகுத்த 16 மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. அந்த 16 மாவட்டங்களுக்குமென 5 சதவீத இடம் தனியாக இருக்கிறது. மாவட்ட ஒதுக்கீடு வேறு. பொறியியல் கிடைக்காவிட்டாலும் பௌதிக விஞ்ஞானமோ வேறு துறையோ கிடைக்கலாம். அதோடு மொறட்டுவைப் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப நிறுவகத்தின் தேசிய டிப்ளோமாவுக்கும் விண்ணப்பிக்கட்டும். இரண்டும் தவறினால், தொழில்நுட்பக் கல்லூரி வழியாக என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமையில் 5, 6 என்று ஏறி, இரத்மலானையிலுள்ள தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்தில் பட்டம்வரை போகலாம். இந்த வழிகள் எதற்கும் காணி உறுதி தேவையில்லை.

காத்திருக்கும் மாதங்களில் ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் விடாமல் படிக்கட்டும். பிறகும் வெளிநாட்டு ஆசை இருந்தால், ஜப்பானிய மொழியை நான் சொல்வேன். அங்கே முதியவர்கள் பெருகி, உழைக்கும் கைகள் குறைந்துவிட்டன. திறன்சார் தொழிலாளர் விசாவுக்கு 2019இலேயே இலங்கையோடு உடன்பாடு இருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் தொழிலும் மொழியும் கையிலிருக்க, சம்பளம் வாங்கிக்கொண்டு போகிறவனுக்கும் இன்று காணியை விற்றுப் போகிறவனுக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பாருங்கள்.

மகனுக்கு வட்ஸ்அப்பில் வந்த அந்த "தாய்லாந்துக் கணினி வேலை" செய்திக்கு அவன் பதில் அனுப்பியிருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அப்படிப் போன நம் நாட்டு இளைஞர்கள் மியன்மார் எல்லையில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். ரஷ்யாவில் வேலை என்று போனவர்கள் போர்முனையில் நின்றார்கள். யார் வேலை தருவதாகச் சொன்னாலும், அந்த முகவருக்கு உரிமம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்காமல் கடவுச்சீட்டைக் கையில் கொடுக்க வேண்டாம்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மகனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அன்று நீங்கள்தான் முழுநேரமும் பேசினீர்கள். அவனுக்கு என்ன விருப்பமென்று அவன் வாயால் கேட்க வேண்டும். பெறுபேற்றுத் தாளும், பழுதான மின்விசிறியைத் திருத்தி ஓடவைத்தான் என்றீர்களே, அதற்கு அவன் வரைந்த படம் இருந்தால் அதுவும் கொண்டுவரட்டும். உறுதியை அலுமாரியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.