பூமுடி கொடுத்தாலே போதும்

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. பிறந்ததிலிருந்தே லேசாக உரசினாலும் தோலில் கொப்புளம் கண்டு உரிந்துவிடுகிறது. பரிசோதித்துவிட்டு 'எபிடெர்மோலைசிஸ் புல்லோசா' என்றார்கள். நானும் கணவரும் மாமன் மகள், அத்தை மகன். மாமியார் இது சாமிக் குற்றம் என்று சொல்லி, இருக்கன்குடி மாரியம்மன் கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக வேண்டியிருக்கிறார். எனக்கோ சாமி கும்பிடவே மனசில்லை. பள்ளிக்கு அனுப்பவும் பயம்.
– பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில் (இதே நோயுடன் வாழும் மதுரை வாசகி ஒருவர் எழுதியது):

தங்கச்சி, எனக்கு 41 வயது. முதலில் மொட்டை விஷயம். கத்தி வேண்டவே வேண்டாம், மண்டைத் தோல் உரிந்துவிடும். காது குத்துவதும் இப்போது வேண்டாம். கத்தரிக்கோலால் மூன்று கொத்து முடி வெட்டிப் பூமுடி கொடுங்கள், வேண்டுதல் தீர்ந்தது. என் அம்மா அப்படித்தான் செய்தாள். பூசாரி உடனே சரி என்றார். என் அத்தைதான் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதில் சாமிக் குற்றம் ஏதுமில்லை. எனக்கு இருக்கும் வகையில், மேல்தோலை அடித்தோலோடு பிடித்து வைக்கும் ஏழாம் வகை கொலாஜன் என்ற புரதம் சரியாக உருவாவதில்லை. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்ததால் வந்தது. இந்த வகையில் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. உங்கள் மகளுக்கு எந்த வகை என்று கேட்டு, அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை பெறுங்கள். இது யாருக்கும் தொற்றாது.

என் சின்ன வயதில் அம்மை என்று நினைத்து வேப்பிலையில் படுக்க வைத்தார்கள். எழுப்பியபோது முதுகுத் தோல் இலையோடு வந்துவிட்டது. அதற்கப்புறம் அம்மா தானே கற்றுக்கொண்டாள். சுத்தமான மருத்துவ ஊசியால் கொப்புளத்தின் கீழ் ஓரத்தில் குத்தி நீரை வடியவிட்டு, மேல்தோலை அப்படியே விட்டுவிடுவாள். ஒட்டும் பிளாஸ்டர் வீட்டுக்குள்ளேயே வராது. கட்டு ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் நனைத்து ஊறவைப்பாள். சட்டையைத் தையல் வெளியே தெரியப் போட்டுவிடுவாள். அக்குளில் கைகொடுத்துத் தூக்க யாரையும் விடமாட்டாள். பிட்டத்தின் கீழ் கைவைத்துத்தான் தூக்குவாள்.

பள்ளிக்குக் கட்டாயம் அனுப்புங்கள். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, பெஞ்சில் போட மெத்தென்று ஒரு துணியும் கொடுத்தனுப்புங்கள். என் விரல்கள் ஒட்டிப்போய்விட்டன. தொண்டைக்குழல் சுருங்கியதால் ரசத்தில் கரைத்த சோறுதான் இறங்கும். ஆனாலும் ஒரு மளிகை மண்டிக்குக் கணக்கு எழுதுகிறேன், கைமுட்டியால் கம்ப்யூட்டரைத் தட்டி.

கும்பிட மனசில்லை என்றால் கும்பிடாதீர்கள், கொஞ்ச நாள் திட்டுங்கள். கட்டு மாற்றும் நாளில் நானும் மாரியம்மனை வாய்விட்டு ஏசுவேன். 'ஆத்தா, உனக்குக் கண்ணில்லையா' என்று ஆரம்பித்தால் கடைசிக் கட்டு வரை ஓயமாட்டேன். கும்பிட்ட நாட்களைவிட ஏசிய நாட்களில்தான் அவள் கிட்டே இருந்தாள் என்று எனக்குத் தோன்றும். உங்களுக்கும் அப்படித் தோன்ற வேண்டும் என்பதில்லை.

2023-ல் அமெரிக்காவில், சரியான மரபணுவைப் புண்ணிலேயே சேர்க்கும் ஜெல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அது என் வகைக்கானது. விலை நம் கைக்கு எட்டாது. ஆனாலும் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு உதவும் டெப்ரா இந்தியா என்ற அமைப்பிலும் விசாரியுங்கள். பெரியவளான பிறகு ஒரு புண் ரொம்ப நாள் ஆறாவிட்டால் உடனே காட்டுங்கள். எங்களுக்குத் தோல் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம்.

கட்டு மாற்றும்போது மாமியாரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிள்ளைக்குக் கதை சொல்ல ஒரு ஆள் வேண்டும்.