தமிழ் எழுத்துரு: எங்கே தொடங்குவது?

அன்புள்ள ஐயா,

விளம்பரங்களும் விலைச்சீட்டுகளும் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். சொந்தமாக ஒரு தமிழ் எழுத்துரு உருவாக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கிடைக்கும் பாடங்களெல்லாம் ஆங்கில எழுத்துகளை வைத்தே நடத்தப்படுகின்றன. அடிப்படையை எங்கிருந்து கற்பது, எந்த மென்பொருளை வாங்குவது?

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆங்கிலப் பாடங்களை ஒதுக்கிவிடாதீர்கள். அவற்றின் அளவுகளை விட்டுவிட்டு, கண்ணைப் பற்றி அவை சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த அடியுள்ள எழுத்தையும் தட்டையான அடியுள்ள எழுத்தையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் வளைந்தது சற்று மேலே ஏறி நிற்பதுபோல் தெரியும் என்பதால், அதை மயிரிழை கீழே இறக்கி வரைவார்கள். ஒரே கனத்தில் வரைந்தாலும் நிலைக்கோட்டைவிடக் கிடைக்கோடு தடித்துத் தோன்றும். ஆகவே 'ட'வின் அடிக்கோட்டைச் சற்று மெலிக்க வேண்டியிருக்கும்.

இதற்குமேல் நம் எழுத்துகளிடமே பாடம் கேட்க வேண்டும். முதலில் 'ப', 'ட', 'ர', 'க', 'ல', 'ண' ஆகிய ஆறை மட்டும் உள்ளங்கை அளவில் பென்சிலால் வரையுங்கள். இவற்றுள் 'ண'தான் கடுமையான ஆசிரியர். சிறிய அளவில் அச்சிடும்போது அதன் சுழிகள் மையால் அடைபடாமல் இருக்க எவ்வளவு கனம் தாங்குமோ, அதுவே உங்கள் எழுத்துருவின் கனமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து 'ர'வையும் துணைக்காலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எழுத்தாணியால் ஓலையில் கீறிய காலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். புள்ளியும் பெரும்பாலும் இடப்படவில்லை. படிப்பவரே இடமறிந்து பிரித்துக்கொண்டார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூல் அச்சேறிய பிறகும் இந்தக் குழப்பம் உடனே தீர்ந்துவிடவில்லை. ஈய அச்சுக் காலத்து நூல்கள் பலவற்றில் துணைக்காலின் தலையில் புள்ளி வைத்தே 'ர்' என்று படிக்கவிட்டிருப்பதைக் காணலாம். இன்று இரண்டையும் பிரித்துக்காட்டுவது 'ர'வின் அடியில் சாய்ந்து இறங்கும் அந்தச் சிறு கோடு ஒன்றே. அதைக் குட்டையாக்கினால் 'ர' காலாகிவிடும். நீட்டினால் கீழ்வரியில் வரும் 'கீ'யின் தலைமேல் வளையும் விலங்குக் குறியோடு மோதும். 'பாரம்', 'தரகர்', 'காரசாரம்' என்ற சொற்களை ஒன்பது பாயிண்ட் எழுத்தளவில் அச்சிட்டு, கையெட்டும் தூரத்தில் வைத்துத் தடுமாறாமல் படிக்க முடிகிறதா என்று சோதியுங்கள். 'கௌ' என்பதில் வரும் குறி 'ள'வாகத் தெரியாதபடி பார்த்துக்கொள்வதும் இதே வகையான சிக்கல்.

பக்க அமைப்பில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைன் தானாக வைக்கும், எழுத்தளவில் 120 சதவீத வரியிடைவெளி, மேலும் கீழும் குறிகள் நீளும் தமிழுக்குப் பெரும்பாலும் போதாது. நம் சொற்களும் நீளமானவை. குறுகிய பத்தியில் இருபுறமும் சமன்செய்தால் சொற்களுக்கிடையே வெள்ளைப் பள்ளங்கள் விழும். அத்தகைய இடத்தில் வலப்பக்கத்தைச் சமன்செய்யாமல் விடுவதே நல்லது.

மென்பொருளுக்கு இப்போது பணம் செலவிட வேண்டாம். ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த ஆறு எழுத்துகளும் தாளில் ஒரே குடும்பமாகத் தெரியத் தொடங்கியதும் அதை நிறுவிக்கொள்ளுங்கள். வரைந்தவற்றை எனக்கும் அனுப்புங்கள், பார்த்துக் கருத்து எழுதுகிறேன்.