பேஸ் கிட்டார் டோன்: மாடல், பிக்கப், ஸ்ட்ரிங் – கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, முதல் பேஸ் வாங்கப் போறேன். பிரிசிஷன் வாங்குன்னு ஒருத்தர், ஜாஸ் வாங்குன்னு ஒருத்தர். சத்தத்துல நிஜமாவே என்ன வித்தியாசம்?

பதில்: இரண்டுமே ஃபெண்டர் வகுத்த வடிவங்கள். இன்று எந்தக் கம்பெனி செய்தாலும் பி, ஜே என்ற பெயரில்தான் அவை புழங்குகின்றன. பிரிசிஷன் 1951-ல் வந்தது. ஆனால் நாம் 'பி சத்தம்' என்று சொல்வது 1957-ல் பிளவு பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றுவது பிக்கப்; இது இரண்டு பாதியாகப் பிரிந்தது) வந்த பிறகு கேட்பதைத்தான். அதில் ஒரு பாதி ஈ, ஏ ஸ்ட்ரிங்குகளுக்குக் கீழே, மறு பாதி டி, ஜி-க்குக் கீழே. இரண்டும் எதிரெதிர் திசையில் சுற்றிய காயில்கள் (கம்பிச் சுருள்கள்) என்பதால் ஹம், அதாவது மின் இரைச்சல், தானே அடங்கிவிடும். ஒரே பிக்கப், ஒரே இடம். அதனால் சத்தத்துக்கு ஒரே குணம்: அடி கனமாகவும் நடுப்பகுதி நெஞ்சில் இடிப்பது போலவும் இருக்கும்.

ஜாஸ் 1960-ல் வந்தது. இரண்டு சிங்கிள் காயில் பிக்கப். ஒன்று நெக் (கழுத்து) பக்கம், ஒன்று பிரிட்ஜ் (உடலில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பாகம்) பக்கம். இரண்டையும் முழுசாகத் திறந்தால் ஒரே ஸ்ட்ரிங்கை இரண்டு இடத்தில் கேட்கிறோம். சில அலைகள் ஒன்றையொன்று அழித்து நடுப்பகுதி குழிந்து போகும், மேல்பகுதி மினுங்கும். பிரிட்ஜ் மட்டும் வைத்தால் மூக்கால் பாடும் இறுக்கமான சத்தம். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) இல்லாத ஜாஸ் பேஸில் கொண்டுவந்தது அதைத்தான்.

கையில் பிடித்தும் பாருங்கள். ஜாஸ் நெக்கின் அகலம் நட் (நெக்கின் தலைப்பக்க முனை) பக்கம் சுமார் 38 மி.மீ., பிரிசிஷன் பெரும்பாலும் 41-லிருந்து 44 மி.மீ. பேண்டில் வாசிக்கத்தான் என்றால் முதல் பேஸுக்கு என் ஓட்டு பிரிசிஷனுக்கு. அதில் தப்பான டோன் வைப்பது கஷ்டம்.

கேள்வி: ஜாஸ் பேஸ் வச்சிருக்கேன். வீட்டுல தனியா வாசிச்சா அருமையா இருக்கு, பேண்டோட சேர்ந்தா காணாமப் போயிடுது. ஆம்ப் மாத்தணுமா சார்?

பதில்: ஆம்பைத் தொட வேண்டாம். இரண்டு வால்யூமும் 10-ல் இருக்கிறது, அதுதான் விஷயம். மேலே சொன்ன அந்த நடுக் குழியில்தான் கிட்டாரும் கீபோர்டும் உட்கார்ந்து உங்களை மறைக்கின்றன. பிரிட்ஜ் வால்யூமை 7-க்கு இறக்குங்கள், அல்லது நெக் மட்டும் வையுங்கள். ஆம்பில் 400-லிருந்து 800 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் கரகரப்பாக, அழகில்லாமல் இருக்கும். பேண்டில் அதுதான் சுரமாகக் கேட்கும்.

பேஸ் குமிழைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. திறந்த ஈ ஸ்ட்ரிங்கின் அடிப்படைச் சுரம் 41 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கர்களில் அது வெளியே வரவே வராது. காது பிடித்துக்கொள்வது 82 ஹெர்ட்ஸையும் அதற்கு மேலுள்ள ஹார்மோனிக்குகளையும் (அடிப்படைச் சுரத்தின் மடங்குகள்) தான்.

கேள்வி: ஹம் தாங்கல. காப்பர் ஃபாயில் ஒட்டினா போயிடும்னு கடைக்காரர் சொல்றார். ஒட்டலாமா?

பதில்: எந்த ஹம் என்று முதலில் தெரிய வேண்டும். இரண்டு சோதனை போதும்.

ஸ்ட்ரிங்கைக் கையால் தொட்டால் இரைச்சல் சட்டென்று குறைகிறதா? அப்படியென்றால் அது மின்புல இரைச்சல். உடம்பே ஆன்டெனாவாக நின்று அதைக் கொண்டுவந்து கொடுக்கிறது. காப்பர் ஃபாயில் இதற்குத்தான். பிக்கப் குழி, கன்ட்ரோல் குழி, பிக்கார்டின் (முன்பக்கத் தகட்டின்) அடிப்பக்கம் எல்லாவற்றிலும் ஒட்டி, துண்டுகள் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கும்படி இணைப்பில் ஈயம் வைத்து, அதிலிருந்து ஒரு வயரை வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் இருக்கும் கன்ட்ரோல்) முதுகில் கிரவுண்டாகப் பற்றவைக்க வேண்டும். பலர் இந்தக் கடைசி வயரைப் போடுவதே இல்லை. கிரவுண்ட் இல்லாத ஃபாயிலால் பயனில்லை. பிரிட்ஜுக்கு அடியில் வரும் கிரவுண்ட் வயர் உயிரோடு இருக்கிறதா என்பதையும் மல்டிமீட்டரை பிரிட்ஜிலும் ஜாக்கின் கிரவுண்டிலும் வைத்துப் பாருங்கள். ஒரு ஓம் அளவுக்குள் காட்ட வேண்டும்.

இரண்டாவது: நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பினால் ஹம் கூடிக் குறைகிறதா? அது காந்தப்புல ஹம். டிரான்ஸ்பார்மர், டியூப்லைட் சோக் போன்றவற்றிலிருந்து சிங்கிள் காயில் வாங்கிக்கொள்வது. இதை ஃபாயில் தடுக்காது. ஜாஸில் இரண்டு வால்யூமையும் சரிசமமாக வைத்தால் இரு காயில்களும் ஒன்றையொன்று அடக்கிவிடும். ஒன்றைக் குறைத்ததும் திரும்ப வரும். பிரிட்ஜ் மட்டும் வைத்து வாசிக்கும் பழக்கம் இருந்தால், ஜே அளவிலேயே வரும் ஹம்பக்கர் (இரட்டைக் காயிலால் ஹம்மை அடக்கும் பிக்கப்) வகைக்கு மாறுவதுதான் வழி. டிமார்ஸியோ மாடல் ஜே அப்படிப்பட்டது.

சாக்கெட்டில் எர்த் இல்லையென்றால் மேலே சொன்ன எதுவும் முழுசாக உதவாது. எலக்ட்ரீஷியனை வைத்து அதை முதலில் சரிசெய்யுங்கள். சத்தத்தை விட உயிர் முக்கியம்.

கேள்வி: ஸ்கொயர் பிரிசிஷன்ல செய்மோர் டங்கன் பிக்கப்புகள்ல குவார்ட்டர் பவுண்ட் போடலாமா, வின்டேஜ் எஸ்பிபி-1 போடலாமா?

பதில்: எஸ்பிபி-1 பழைய பி சத்தத்தை அப்படியே குறிவைத்தது, வெளியீடும் அளவானது. குவார்ட்டர் பவுண்டில் காந்தக் கம்பங்கள் கால் அங்குலத் தடிமன். வெளியீடு பெரிசு, தாக்கு பெரிசு, ராக்குக்கும் பிக் (மீட்டும் தகடு) வைத்து வாசிப்பதற்கும் நன்றாக இருக்கும். மெலடியோடு குழைந்து போகும் வாசிப்புக்கு எஸ்பிபி-1 போதும்.

ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் புது ஸ்ட்ரிங் போட்டுப் பாருங்கள். பிக்கப் மாற்றுவதால் வரும் மாற்றத்தை விட, ரவுண்ட்வவுண்டிலிருந்து (உருண்டைக் கம்பி சுற்றிய ஸ்ட்ரிங்) ஃப்ளாட்வவுண்டுக்கு (தட்டைக் கம்பி சுற்றியது) போவது பெரிய மாற்றம். டோனைத் தீர்மானிப்பவற்றை நான் இப்படி வரிசைப்படுத்துவேன்: வலது கை, ஸ்ட்ரிங், பிக்கப் நிற்கும் இடம், பிக்கப்பின் வகை, அதன் பிறகுதான் பிராண்ட்.

கேள்வி: பிக்கப்பை நானே மாத்தினேன். ரெண்டும் சேர்த்து வச்சா சத்தம் மெலிஞ்சு தகர டப்பா மாதிரி இருக்கு. தனித்தனியா நல்லா இருக்கு. ஜாஸ் பேஸ்.

பதில்: ஃபேஸ் எதிராக இருக்கிறது, அதாவது இரண்டு பிக்கப்பின் அலைகளும் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஏதாவது ஒரு பிக்கப்பின் இரண்டு வயர்களை மட்டும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள். அடிச் சத்தம் திரும்பி வரும். மாற்றிய பிறகு சத்தம் நிறைவாகவும், இரண்டும் 10-ல் இருக்கும்போதே ஹம்மும் வந்தால், அந்த இரண்டு பிக்கப்பும் ஒரே செட் இல்லை. சுற்றும் காந்தமும் இரண்டிலும் ஒரே திசை. வயரிங்கில் அதற்குத் தீர்வு கிடையாது. செட்டாகத்தான் வாங்க வேண்டும்.

பிரிசிஷனில் இதே தப்பு வேறு மாதிரி வெளிப்படும். ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் ஒரு பாதியின் மேல்தான் இருக்கிறது. ஆகவே ஒரு பாதியை மாற்றிப் பற்றவைத்தாலும் தனிச் சுரம் மெலியாது. ஹம் மட்டும் வரும்.

அடுத்த முறை செய்பவர்களுக்கு: பழைய வயரிங்கை முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 40 வாட் அயர்ன் போதும். பாட்டின் முதுகில் பற்றவைக்கும்போது அந்த இடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டால் ஈயம் உடனே பிடிக்கும். தேய்க்காமல் நீண்ட நேரம் சூடு வைத்தால் உள்ளே இருக்கும் கார்பன் தடம் கெட்டு, குமிழ் கரகரக்க ஆரம்பிக்கும். மூடுவதற்கு முன் வால்யூமை முழுசாக வைத்து, ஜாக்கில் மீட்டரை வைத்து ஓம் பாருங்கள். பி பிக்கப் பெரும்பாலும் 10-லிருந்து 12 கிலோ ஓம். ஜே ஒவ்வொன்றும் தனியாக 7-லிருந்து 8.5. பி பேஸில் 250 கிலோ ஓம் அருகில் காட்டினால் நீங்கள் பார்ப்பது பாட்டை மட்டும்தான். காயில் அறுந்திருக்கிறது அல்லது வயர் பிடிக்கவில்லை.

ஜே பிக்கப் வாங்கும்போது நீளத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். வழக்கமான அளவில் பிரிட்ஜ் பிக்கப் நெக்கை விட சுமார் 3 மி.மீ. நீளம். விலை குறைந்த சில மாடல்களில் இரண்டும் ஒரே நீளம்.

கேள்வி: ஸ்லாப்புக்கு (கட்டைவிரலால அடிச்சு வாசிக்கிறதுக்கு) மியூசிக் மேன் ஸ்டிங்ரேயா, ஜாஸா?

பதில்: இரண்டிலும் முடியும், குணம் வேறு. ஸ்டிங்ரே 1976-ல் வந்தபோதே ஆக்டிவ் ப்ரீஆம்ப்போடு (பேஸுக்குள்ளேயே பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்) வந்தது. பிரிட்ஜ் பக்கம் ஒரே பெரிய ஹம்பக்கர், காயில்கள் பேரலலில். சத்தம் முன்னால் பாய்ந்து வரும். கட்டைவிரல் தாக்கு சுத்தியல் போல விழும். ஜாஸில் இரண்டு பிக்கப்பும் திறந்தால் பாப் (ஸ்ட்ரிங்கை விரலால் இழுத்து விடுவது) அடிக்கும்போது கண்ணாடி போன்ற மினுக்கு. ஸ்லாப் கலைஞர் மார்க்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸ் சத்தத்துக்கு 70-களின் பிக்கப் இடமும் ஒரு காரணம். அந்தக் காலத்தில் பிரிட்ஜ் பிக்கப் சுமார் 1 செ.மீ. பிரிட்ஜை நோக்கி நகர்ந்தது.

பல பாணி வாசிப்பவருக்கு ஜாஸ்தான். ஸ்டிங்ரே தன் சத்தத்தை விட்டுக்கொடுக்காது.

கேள்வி: பிஜே செட்ல (பி, ஜே ரெண்டு பிக்கப்பும் உள்ள பேஸ்) ஜே பிக்கப்பைத் திறந்தா பெருசா எதுவும் மாறலையே?

பதில்: பி பிக்கப்பின் வெளியீடு அதிகம், பிரிட்ஜ் அருகே ஸ்ட்ரிங்கின் ஆட்டமும் குறைவு. அதனால் ஜே அமுங்கிப் போகிறது. உயரத்தைச் சரிசெய்யுங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, ஸ்ட்ரிங்கின் அடியிலிருந்து கம்பத்தின் தலை வரை அளக்க வேண்டும். பி-க்கு ஈ பக்கம் 3 மி.மீ., ஜி பக்கம் 2.5 என்று தொடங்குங்கள். ஜே-வை 2 வரை ஏற்றலாம். ஸ்குரூவைத் தளர்த்தியும் பிக்கப் மேலே வரவில்லையென்றால் அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் செத்துவிட்டது, புதுசு வையுங்கள்.

அளவுக்கு மேல் ஏற்றினால் காந்தம் ஸ்ட்ரிங்கை இழுக்கும். 12-வது ஃப்ரெட்டுக்கு மேல் ஒரே சுரத்தில் இரண்டு சுரம் அலைவது போலக் கேட்டால் அதுதான் காரணம். இன்டோனேஷனை (பிரிட்ஜில் செய்யும் சுருதிச் சரிசெய்தல்) திருப்பிப் பயனில்லை, பிக்கப்பை இறக்குங்கள்.

கேள்வி: 80-கள்ல வந்த இளையராஜா பாட்டுகள்ல பேஸ் உருண்டையா, ஒவ்வொரு சுரமும் தெளிவா கேக்குமே, அந்த மாதிரி டோன் எப்படி வைக்கிறது?

பதில்: பிரிசிஷன் அல்லது ஜாஸின் நெக் பிக்கப். ஃப்ளாட்வவுண்ட், டாடாரியோ குரோம்ஸ் 45-100 நல்ல தொடக்கம். ரவுண்ட்வவுண்டிலேயே நெருங்க வேண்டுமென்றால் பிரிட்ஜுக்கு முன்னால் ஸ்ட்ரிங்குகளுக்கு அடியில் மெல்லிய ஸ்பாஞ்ச் துண்டைச் செருகுங்கள். சுரம் பிறக்க வேண்டும், நீண்டு ஓலமிடக் கூடாது. அந்த அளவுக்கு அழுத்தினால் போதும். டோன் குமிழ் 4 அல்லது 5. விரலின் சதையால், நெக் முடியும் இடத்துக்குப் பக்கத்தில் அடியுங்கள். அந்த வரிகள் மேல் ஃப்ரெட்டுகளுக்கு ஓடி ஓடி வருபவை, அதனால் நான்கு ஸ்ட்ரிங்கும் ஒரே அளவில் ஒலிப்பது முக்கியம். பிக்கப் சாய்வை அதற்கேற்ப வையுங்கள். பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் அமெரிக்காவின் மோட்டவுன் இசைக் கம்பெனியில் வாசித்ததும் பிரிசிஷன், ஃப்ளாட்வவுண்ட், ஸ்பாஞ்ச், வலது கையின் ஒரே ஒரு விரல்.

கேள்வி: டோன் கெப்பாசிட்டரை விலை உயர்ந்த ஆயில் டைப்புக்கு மாத்தினா சத்தம் தெளியுமா?

பதில்: தெளியாது. டோன் முழுசாகத் திறந்திருக்கும்போது அது ஏறக்குறைய வேலையே செய்வதில்லை. குறைக்கும்போது எவ்வளவு இருட்டும் என்பதை முடிவு செய்வது அதன் அளவு: 473 என்று அச்சிட்டது 0.047 மைக்ரோ ஃபேரட், வழக்கமானது. 104 போட்டால் இன்னும் இருட்டு. 223 போட்டால் கடைசி வரை குறைத்தாலும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்கும். சில ரூபாய் பாலியெஸ்டர் போதும்.

தெளிவு வேண்டுமென்றால் கேபிளைப் பாருங்கள். கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் மீட்டருக்குச் சுமார் 100 பிகோ ஃபேரட் என்று வைத்துக்கொண்டால் 10 மீட்டர் கேபிள் பாசிவ் (பேட்டரி ப்ரீஆம்ப் இல்லாத) பேஸின் மேல்பகுதியை மழுங்கடிக்கும். 3 மீட்டருக்கு மாறினாலே வித்தியாசம் கேட்கும்.

கேள்வி: ஆக்டிவ் பேஸ். கச்சேரி நடுவுல சத்தம் உடைஞ்சு, கரகரன்னு ஆகி, அப்புறம் நின்னே போச்சு.

பதில்: 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது. கேபிள் செருகியிருக்கும் வரை ப்ரீஆம்ப் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வாசித்து முடித்ததும் கழற்றுங்கள். மீட்டரில் 8-க்குக் கீழே காட்டினால் கச்சேரிக்கு முன்பே மாற்றிவிடுங்கள். உங்கள் பேஸில் பாசிவ் சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பேட்டரி செத்தாலும் அன்றைய கச்சேரியை முடித்துவிடலாம்.