வெயிலில் நிற்கும் பத்மினியை விற்கலாமா?

அப்பாவின் 1986 பிரீமியர் பத்மினி மதிய வெயிலில் சிக்னலில் அணைந்துவிடுகிறது, அரை மணி நேரம் கழித்துத் தானாகக் கிளம்புகிறது, விற்றுவிட்டுப் புது கார் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் வண்டியில் ஒரு பழைய துண்டும் தண்ணீர் பாட்டிலும் வையுங்கள்.

அந்த 1089 சிசி எஞ்சினில் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருக்கும். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பால் இழுக்க முடியாது. அடுத்த முறை நின்றதும் பம்பின் மேல் ஈரத்துண்டைப் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். கிளம்பினால் நோய் அதுதான். இல்லாவிட்டால் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைச் சந்தேகப்படுங்கள். இப்போதைய கார்களில் பம்ப் டேங்குக்குள் இருந்தே அழுத்தித் தள்ளுவதால் இந்தத் தொல்லை அபூர்வம். அப்புறம், எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும், மாற்றிவிடுங்கள்.

தினமும் குழந்தைகளோடு போக என்றால் புது கார்தான் சரி. பத்மினியில் ஏர்பேக் கிடையாது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் ஏபிஎஸ் கிடையாது. அந்த டிரம் பிரேக்கை நம்பிப் பைபாஸில் நூறில் போக நான் துணிய மாட்டேன். ஆனால் அதற்காக இதை விற்காதீர்கள். ஸ்டீயரிங் பக்கத்துக் கம்பியில் கியர் போடுவது, காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கை இழுத்துவிட்டு எஞ்சின் சீராகும்வரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் புது வண்டியில் வராது. என் புது காரில் ஒரு விளக்கு எரிந்தாலே லேப்டாப்போடு ஒருவர் வர வேண்டியிருக்கிறது. பத்மினிக்குப் பாதி நேரம் ஒரு ஸ்க்ரூ டிரைவரே போதும்.

சரி, ஆர்சியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டுமே, தேதி பார்த்தீர்களா?