உலகம் முழுக்க வேண்டாம், ஒன்பதாம் வகுப்பு போதும்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'உலக நாடுகளின் கல்வியில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள்' என்பது என் ஆய்வுத் தலைப்பு. சாட்பாட்டிடம் கேட்டபோது பதினெட்டு ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியல் போட்டுத் தந்தது. அதில் ஐந்தைத் தேடிய என் வழிகாட்டி, ஒன்றுகூட இல்லையே என்கிறார். நான்கு மாதம்தான் இருக்கிறது. தலைப்பையே மாற்றிவிடவா? (வாசகி, தக்கலை)

பதில்: தலைப்பை மாற்ற வேண்டாம் மக்களே. 'உலக நாடுகளின்' என்பதை மட்டும் வெட்டி எறியுங்கள். நான்கு மாதத்தில் உலகத்தைச் சுற்ற முருகனுக்கு மயில் இருந்தது, உங்களுக்கு இல்லை.

அந்தப் பட்டியல் எப்படி வந்தது தெரியுமா? சாட்பாட் நூலகத்தில் போய்த் தேடி எடுத்துத் தருவதாக நினைத்துவிட்டீர்கள். அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணக்குப் போட்டுக் கோப்பதுதான் அதன் வேலை. ஆசிரியர் பெயர் இருக்கும், இதழ் இருக்கும், ஆண்டு இருக்கும். கட்டுரைதான் இருக்காது. மீதிப் பதின்மூன்றையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். முழுக் கட்டுரையும் கையில் கிடைத்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கல்விக் கட்டுரைகளுக்கு எரிக் (ERIC), இந்தியப் பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா (Shodhganga), இரண்டு இணையதளங்களிலும் காசில்லாமல் தேடலாம். பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதை வழிகாட்டியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளிவந்தால்தான் வினை.

எந்த நாட்டில் என்ன கருவி என்று அடுக்கினால் அது விளம்பர நோட்டீஸ் மாதிரிதான் இருக்கும். கருவியைப் பிடுங்கிய பிறகு பிள்ளைக்கு என்ன மிஞ்சியது? இதைக் கேளுங்கள். துருக்கியில் 2023-இல் கிட்டத்தட்ட ஆயிரம் உயர்நிலைப்பள்ளி மாணவர்களை வைத்து இதைத்தான் பார்த்தார்கள். சாதாரண சாட்பாட்டை வைத்துக் கணக்குப் பயிற்சி செய்தவர்கள், பயிற்சியின்போது சாட்பாட் இல்லாதவர்களைவிட 48 சதவீதம் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். விடையைச் சொல்லாமல், ஆசிரியர்கள் எழுதிக்கொடுத்ததை வைத்துக் குறிப்பு மட்டும் தரும் சாட்பாட்டை வைத்திருந்தவர்கள் 127 சதவீதம் கூடுதல். அப்புறம் எல்லாருக்கும் கருவி இல்லாமல் பரீட்சை. முதல் கூட்டம், சாட்பாட்டையே தொடாத பிள்ளைகளைவிட 17 சதவீதம் கீழே போய்விட்டது. இரண்டாவது கூட்டம் விழவில்லை. ஆனால் தொடாதவர்களைவிட மேலேயும் போகவில்லை. எனக்கு இந்தக் கடைசி வரிதான் பிடித்தது, விற்பனைப் பிரதிநிதிகள் யாரும் சொல்லமாட்டார்கள்.

இதோடு நைஜீரியாவை வைத்துப் பாருங்கள். எடோ மாநிலத்தில் 2024-இல் உலக வங்கி ஆறு வாரம் நடத்திய சோதனை. பள்ளி விட்ட பிறகு சாட்பாட்டை வைத்து ஆங்கிலப் பயிற்சி, கூடவே ஆசிரியர். அங்கே பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். தென்கொரியா வேறு கதை: 2025 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவுப் பாடநூலைக் கொண்டுவந்தார்கள், ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டு அதன் பாடநூல் தகுதியைப் பறித்து வெறும் துணைப்பொருள் ஆக்கிவிட்டது. இந்த மூன்றே உங்கள் முதல் அத்தியாயத்துக்குத் தாராளம்.

இனி நம் ஊர். போன மாதம் என் பேத்தி பின்னம் படித்துக்கொண்டிருந்தாள். பின்னத்தில் மேலே இருக்கும் எண்தான் தொகுதி. "தொகுதி பெரிசா இருந்தா என்ன செய்யணும்?" என்று ஒரு சாட்பாட்டிடம் தமிழில் கேட்டாள். தொகுதி பெரிதாக இருந்தால் வாக்குச்சாவடிகளை அதிகரிக்கலாம் என்று அது பொறுமையாக விளக்கியது! "படிச்சது ஓர்மை நிக்க மாட்டேங்குது" என்றாள். ஓர்மை என்றால் நம் ஊரில் ஞாபகம், ஆனால் ஒருமைப்பாடு பற்றி ஒரு பத்தி வந்தது. நான் சிரித்துவிட்டேன், அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். தமிழ்வழிப் பிள்ளை கேட்பது அந்தக் கருவிக்கு எவ்வளவு புரிகிறது என்பதை இங்கே இருக்கும் உங்களைத் தவிர யார் பார்ப்பார்கள்?

ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பிரிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பறையில் இந்தக் கருவிகளுக்குக் குறைந்தது 13 வயது வேண்டும் என்று யுனெஸ்கோ 2023-இல் சொன்னது, அதனால் அதற்குக் கீழே இறங்க வேண்டாம். பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரிவுக்குக் கருவியோடு நான்கு வாரம், இன்னொன்றுக்கு வழக்கமான பயிற்சி, கடைசியில் இரண்டுக்கும் வெறும் பேப்பரில் ஒரே பரீட்சை. பிள்ளைகள் தட்டச்சு செய்த கேள்விகளை அப்படியே சேர்த்துவையுங்கள், எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். மதிப்பெண்ணைவிட அதில்தான் சரக்கு இருக்கும்.

வீட்டுப் போனை நம்பி இதைத் திட்டமிட வேண்டாம். குலசேகரத்தில் அப்பா விடிவதற்குள் ரப்பர் வெட்டப் போகும்போது போனும் போய்விடும், குளச்சலில் கடலுக்கே போய்விடும். பள்ளியின் ஹைடெக் லேபில் நடத்துங்கள். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று இந்த வாரமே விசாரித்துவிடுங்கள்.