கல்லைத் தேடிப் போன ஊர்கள்: ஒரு நகை வடிவமைப்பாளரின் கேள்வி பதில்

பதினெட்டு ஆண்டுகளாக நகை வடிவமைக்கிறேன். அதில் பாதிக் காலம் பெட்டியும் கையுமாகவே போய்விட்டது. எங்கே போனீர்கள், என்ன வாங்கினீர்கள், எங்கே ஏமாந்தீர்கள் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் என்னிடம் சரக்கு அதிகம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: எந்த நாட்டு நகையின் படமும் இப்போது இருந்த இடத்திலேயே கிடைக்கிறது. புது வடிவம் தோன்ற ஊர் ஊராகச் சுற்றத்தான் வேண்டுமா?

ப: படம் நகையின் முகத்தைக் காட்டும். முதுகைக் காட்டாது. கொக்கி எப்படி மாட்டுகிறது, எங்கே பொடிவைத்து ஊதியிருக்கிறார்கள், கழுத்தில் போட்டால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். அதைவிட முக்கியம், செய்கிறவர் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.

கானாவில் குரோபோ மக்கள் பழைய கண்ணாடிப் புட்டிகளை இடித்துப் பொடியாக்கி மணி செய்கிறார்கள். களிமண் அச்சின் குழிகளில் பொடியை நிரப்பி, ஒவ்வொரு குழியின் நடுவிலும் மரவள்ளி இலைக்காம்பு ஒன்றைச் செருகிச் சூளையில் வைக்கிறார்கள். கண்ணாடி இளகி ஒட்டும் நேரத்தில் காம்பு எரிந்து சாம்பலாகிவிடும். அது இருந்த இடம்தான் நூல் கோக்கும் துளை. துளை என்றால் துளைப்பது என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஊர் திரும்பியதும், மெழுகு வார்ப்புக்கு மெழுகு மாதிரிக்குப் பதிலாகக் காய்ந்த சுள்ளிகளையே அச்சில் புதைத்து எரித்து, அந்த வெற்றிடத்தில் வெள்ளியை ஊற்றினேன். அங்கே எரிந்தது துளையானது, என் பட்டறையில் எரிந்தது வெள்ளியானது. எனக்கு ஓரளவு பெயர் வாங்கித் தந்த முதல் வரிசை அதுதான். அதில் குரோபோ மணி ஒன்றுகூட இல்லை.

கே: அக்கா, சுரங்கம் இருக்கும் ஊருக்கே நேராகப் போனால் கல் மலிவாகக் கிடைக்கும் அல்லவா? இடைத்தரகர் லாபம் மிச்சம்தானே?

ப: இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மட்டும் ஒன்பது பேர். நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன்.

நல்ல கல் வெட்டியெடுத்த சில நாட்களிலேயே மொத்த வியாபாரிகள் வழியாகப் பட்டை தீட்டும் ஊர்களுக்குப் போய்விடும். சுரங்க வாசலில் பயணிக்கு நீட்டப்படுவது பெரும்பாலும் மிச்சம். சில இடங்களில் அதுவும் இல்லை. ஆய்வகத்தில் வளர்த்த கல்லைக் கொண்டுபோய் மண்ணில் புரட்டி, இப்போதுதான் தோண்டியது என்று விற்கிறார்கள். கல் விளையும் ஊரில் போலி இருக்காது என்று வருகிறவர் நம்புவதுதான் அவர்களுடைய முதல்.

ஆகவே நான் வாங்கப் போவது கல் விளையும் ஊருக்கு அல்ல, கல் வந்து சேரும் ஊருக்கு. ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் இதற்கு நல்ல உதாரணம். உள்ளூர் மலையில் கிடைத்த அகேட் கல்லை நீர்ச்சக்கரத்தில் சுழலும் பெரிய மணற்கல் உருளைகளில் தீட்டிப் பிழைத்த ஊர் அது. தொழிலாளி பலகைமேல் குப்புறப் படுத்து, காலால் எதிர்க்கட்டையை உந்தி, உடம்பின் பலம் முழுவதையும் கல்மேல் கொடுப்பார். பழைய பட்டறை ஒன்றில் இன்றும் அப்படித் தீட்டிக் காட்டுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் மலை வற்றியது. பிழைப்புத் தேடி பிரேசிலுக்குப் போன அந்த ஊர்க்காரர்கள் அங்கே அகேட் சும்மா கிடப்பதைப் பார்த்து, கப்பல் ஆடாமலிருக்க அடியில் போடும் பாரக்கல்லாக ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். கல் தீர்ந்தும் தொழில் தீரவில்லை. வெளிறிய அகேட்டைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, பிறகு கந்தக அமிலத்தில் போட்டால், கல்லின் நுண்துளைகளுக்குள் சர்க்கரை கரியாகி, கல் கன்னங்கரேல் என்று ஆகும். கறுப்பு ஓனிக்ஸ் என்று நாம் வாங்கும் பலவற்றின் நிறம் இப்படி வந்ததுதான். சாயம் என்று சொல்லி விற்றால் அதில் தவறும் இல்லை.

தாய்லாந்தின் சந்தபுரி சந்தை வேறு மாதிரி. அங்கே வாங்க வந்தவர் மேசை போட்டு உட்கார்ந்துகொள்வார். விற்பவர்கள் பொட்டலங்களோடு வரிசையாக வருவார்கள். ராஜமரியாதையாகத் தோன்றும். அந்த மயக்கத்தில்தான் பெரிய மாணிக்கம் ஒன்றை நம்ப முடியாத விலைக்கு வாங்கினேன். பட்டறையில் மோதிரத்தைப் பற்றவைக்கும்போது சூடு பட்டதும் கல்லின் முகத்தில் கோடு கோடாக வெடிப்பு. விரிசல் நிறைந்த மட்டமான மாணிக்கத்தில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பியிருந்தார்கள். 2004 வாக்கில் சந்தைக்கு வரத் தொடங்கிய கைவேலை இது. பத்து மடங்கு உருப்பெருக்கியில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழியும் நீலப் பளிச்சும் தெரியும். எலுமிச்சைச் சாறுகூட அந்தக் கண்ணாடியை அரித்துவிடும். உருப்பெருக்கி அன்று என் பையில்தான் இருந்தது. வெளியே எடுத்தால் விற்பவர் மனம் புண்படும் என்று எடுக்கவில்லை. இப்போது உட்கார்ந்ததும் முதலில் மேசைமேல் அதைத்தான் வைக்கிறேன்.

கே: லாபிஸ் லசூலி மாலை வாங்கினேன். ஆப்கானிஸ்தான் கல் என்றார்கள். வெள்ளைச் சட்டையின் கழுத்தில் நீலம் ஒட்டியிருக்கிறது.

ப: சாயம்தான். பஞ்சில் நகப்பூச்சு நீக்கியைத் தொட்டு, ஒரு மணியின் துளை ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு நீலமானால் ஐயம் தீர்ந்தது. துளை ஓரத்தில் என்று சொல்வதற்குக் காரணம், மேற்பரப்பில் மெழுகு பூசிச் சாயத்தை மூடியிருப்பார்கள். ஊர்ப் பெயர் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானில் உள்ள சர்-இ-சங் சுரங்கம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உலகுக்கு லாபிஸ் அனுப்புகிறது. அங்கேயும் வெள்ளைக் கால்சைட் மிகுந்த வெளிறிய கல் வரத்தான் செய்யும். அதற்குத்தான் நீலம் ஏற்றுகிறார்கள்.

கே: எத்தியோப்பிய ஓபல் மோதிரம். பாத்திரம் கழுவிய பிறகு வண்ணமெல்லாம் போய்ச் சும்மா கண்ணாடி போல ஆகிவிட்டது. கெட்டுவிட்டதா?

ப: பதறாதீர்கள். கழற்றி, வெயிலோ அடுப்போ காட்டாமல், சும்மா அறையில் சில நாள் வையுங்கள். பெரும்பாலும் வண்ணம் திரும்பிவிடும். 2008 முதல் வெல்லோ பகுதியிலிருந்து வரும் ஓபல்களில் பல, பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சும் வகை. தண்ணீர் போனால் காய்ந்துவிடும். எண்ணெயும் சோப்பும் போனால் தங்கிவிடும், அதுதான் கவலை. அந்தக் கல்லை நான் மோதிரத்தில் பதிப்பதே இல்லை. காதுக்கும் கழுத்துக்கும் மட்டும்தான்.

தான்சனைட் பற்றிக் கேட்டவருக்கும் இதே பதில். 1967இல் தான்சானியாவின் மெரெலானி குன்றுகளில் கண்டெடுத்தார்கள், வேறெங்கும் கிடைப்பதில்லை. அழகு சரி, ஆனால் ஓரிடத்தில் அடிபட்டால் நேர்கோட்டில் பிளந்துகொள்ளும் கல் அது.

கே: கடற்கரைக் கடையில் வாங்கிய அம்பர் உண்மையா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

ப: அம்பர் என்பது பல காலம் மண்ணில் கிடந்து கெட்டியான மரப்பிசின். ஒரு குவளைத் தண்ணீரில் உப்பை இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கரையுங்கள். அம்பர் மிதக்கும், கண்ணாடியும் பல பிளாஸ்டிக் வகைகளும் மூழ்கும். மிதப்பதெல்லாம் அம்பர் இல்லை. கோபல் என்ற இளம்பிசினும் மிதக்கும். நகப்பூச்சு நீக்கி ஒரு துளி விட்டால் கோபல் பிசுபிசுக்கும், பால்டிக் அம்பர் அசையாது. உலோகம் கட்டிய பிறகு மிதக்கும் சோதனை செல்லாது, ஒரு வாசகர் அப்படித்தான் குழம்பியிருக்கிறார்.

கே: பயணப் பையில் என்னென்ன கருவிகள் இருக்கும்?

ப: பத்து மடங்கு உருப்பெருக்கி, சின்னத் தராசு, வெர்னியர் காலிப்பர், சிறு டார்ச், வெள்ளைத் தாள், மணி கோக்க நான் வழக்கமாகப் பயன்படுத்தும் நூலில் ஒரு முழம். இந்த நூலை எல்லோரும் மறந்துவிடுவார்கள். முத்தின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அழகான சரம் வாங்கி வந்து, நம் நூல் நுழையாமல் ஒவ்வொன்றாகத் துளை பெருக்கி, அதில் நாலைந்து உடைந்து போன கதை என்னிடம் இருக்கிறது. காலிப்பர் எதற்கென்றால், ஆயத்தக் கூடுகளில் பதிப்பதாக இருந்தால் கால் மில்லிமீட்டர் வித்தியாசம்கூடப் பொருந்தாது.

வெள்ளைத் தாள் வெளிச்சத்துக்காக. மஞ்சள் பல்புக்குக் கீழே மாணிக்கம் கொழுந்துவிடும், குளிர்ந்த வெள்ளை விளக்கில் நீலக்கல் துலங்கும். கடைக்காரருக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். கல்லைத் தாளில் வைத்து வாசலுக்குக் கொண்டுபோய் நிழலில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை பாருங்கள். விடமாட்டேன் என்றால் அந்தக் கல் உங்களுக்கு வேண்டாம்.

கே: பவளம், ஆமை ஓடு, விதை மணிகள் இவற்றையெல்லாம் எடுத்து வரலாமா?

ப: ஆமை ஓடும் தந்தமும் கூடவே கூடாது. "பாட்டி காலத்துப் பொருள்" என்று விற்பவர் சொல்வது விமான நிலையத்தில் செல்லாது. அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975 முதல் நடப்பில் இருக்கிறது. கரும்பவளத்துக்கு அதன்படி ஏற்றுமதி அனுமதி வேண்டும். மற்றப் பவளங்களுக்கு வகையையும் நாட்டையும் பொறுத்து விதி மாறும். சந்தையில் கிடைக்கும் சிவப்புப் பவளத்தில் நிறையச் சாயம் ஏற்றிய மூங்கில் பவளம் என்பது தனிக்கதை. பட்டை தீட்டாத வைரத்தைத் தொடவே வேண்டாம். 2003 முதல், போர்க் குழுக்களுக்குப் பணம் சேர்க்கும் வைரம் அல்ல என்று காட்டும் கிம்பர்லி சான்றிதழ் இல்லாமல் அது எல்லை தாண்ட முடியாது.

விதைகளில் குன்றிமணிக்கு மட்டும் தனி எச்சரிக்கை. தோல் முழுதாக இருக்கும்வரை சாது. துளைத்தால் உள்ளே இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு, துளைக்கும் தூசியை மூச்சில் இழுப்பதும் ஆபத்து. தங்கம் நிறுத்த அதே விதையை நகைத் தட்டில் வைப்பதில்லை என்று முடிவெடுத்துப் பல வருடம் ஆகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் விதை, மரம், இறகு எது இருந்தாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதினால் போவது பொருள் மட்டும், மறைத்தால் அபராதமும் சேரும்.

கே: தென் அமெரிக்காவில் "அல்பாக்கா வெள்ளி" வளையல் வாங்கினேன். கை பச்சையாகிறது.

ப: அதில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று காட்டும் 925 முத்திரையைத் தேடுங்கள். முத்திரையையும் போலியாக அடிப்பவர்கள் உண்டு. நிக்கல் ஒவ்வாதவர்களுக்குத் தோல் தடித்துவிடும், கழற்றி வையுங்கள்.

கே: வேறொரு மக்களின் வடிவத்தை நாம் எடுத்துச் செய்வது திருட்டு ஆகாதா?

ப: எடுப்பதைப் பொறுத்தது. 1911இல் பிரான்சின் கார்த்தியே நகை நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த ஜாக் கார்த்தியே டெல்லி தர்பாருக்காக இந்தியா வந்தார். இலை போலவும் பூப் போலவும் செதுக்கிய மரகதம், மாணிக்கம், நீலக்கற்களை இங்கே பார்த்த பயணம் அது. பின்னாளில் அவர்கள் நிறுவனம் அத்தகைய கற்களைப் பிளாட்டினத்திலும் வைரத்திலும் பதித்து "டுட்டி ஃப்ருட்டி" என்று இன்று அழைக்கப்படும் பாணியை உண்டாக்கியது. நமது நகை ஒன்றை அப்படியே அச்செடுத்து விற்றிருந்தால் அந்தப் பாணி பிறந்திருக்காது. கல் இங்கத்தியது, கட்டு அவர்களுடையது. ஆனால் கல்லைச் செதுக்கிய கைகளின் பெயர் எங்கும் இல்லை என்ற குறை எனக்கு உண்டு.

நைஜரின் துவாரெக் மக்களின் அகாதெஸ் சிலுவையைப் பாருங்கள். ஊருக்கு ஊர் தனித்தனி வடிவம், அவற்றுக்கு ஊர்களின் பெயர். அதை நான் அச்செடுத்துச் செய்தால், அணிபவருக்கு ஓர் அலங்காரம், அவர்களுக்கோ விலாசம் தொலைந்த மாதிரி. வேண்டுமென்றால் அங்கே செய்தவரிடமே வாங்கி, இன்னார் ஊர்ப் பதக்கம் என்று சொல்லியே விற்கிறேன். நுட்பத்தைக் கற்றுக்கொள்கிறேன், அடையாளத்தைத் தொடுவதில்லை. கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்காது. ஐயம் வந்தால் அந்த ஊர்க்காரர் முன்னால் இதை அணிந்து நிற்க முடியுமா என்று யோசிப்பேன்.

கே: ஒரே ஒரு பயணத்துக்குத்தான் பணம் இருக்கிறது. எங்கே போகட்டும்?

ப: மற்றவர்கள் ஜெய்ப்பூர் என்பார்கள், இஸ்தான்புல் என்பார்கள். நான் கொலம்பியாவின் பொகோட்டா என்பேன், அங்கே ஒரு கல்லும் வாங்க வேண்டாம். தங்க அருங்காட்சியகத்தில் மூன்று நாள் உட்காருங்கள். 1969இல் பாஸ்கா அருகே ஒரு குகையில் கிடைத்த முயிஸ்கா தோணி அங்கே இருக்கிறது. ஒரு சாணுக்குள் அடங்கும் தோணி, அதன் நடுவில் தலைவன், சுற்றிலும் சின்னச் சின்ன ஆட்கள். எல்லாம் மெழுகு வார்ப்பு.

எனக்கு அதைவிடப் பிடித்தவை பக்கத்தில் இருக்கும் தும்பாகா நகைகள். தங்கமும் செம்பும் கலந்த உலோகம், செம்பு கணிசமாகவே இருக்கும். காய்ச்சினால் மேற்பரப்புச் செம்பு ஆக்சைடாகும். புளிப்புள்ள தாவரச் சாற்றில் போட்டால் அந்தப் படலம் கரைந்துவிடும். திரும்பத் திரும்பச் செய்தால் மேலே தங்கம் மட்டும் மிஞ்சும். நாம் வெளியிலிருந்து முலாம் பூசுகிறோம், அவர்கள் உள்ளே இருப்பதை வெளியே வரவழைத்தார்கள். வந்து வெள்ளி-செம்புக் கலவையில் முயன்றேன். ஏழெட்டு முறை காய்ச்சி அமிலத்தில் போட்டதும், பாலேடு போன்ற வெண்மை படிந்தது. அந்த மேற்பரப்பை மெருகேற்றக் கூடாது, ஏற்றினால் செம்பு எட்டிப் பார்க்கும். முதல் இரண்டு வளையல்களையும் அப்படித்தான் கெடுத்தேன்.

கே: ஆசை ஆசையாக வாங்கிய கற்கள் பெட்டியிலேயே கிடக்கின்றன. கை வைக்க மனம் வரவில்லை. உங்களுக்கும் அப்படி உண்டா?

ப: உண்டு. பதக்‌ஷான் லாபிஸ் கட்டி ஒன்று, உள்ளங்கை அகலம், பதினோரு வருடம் துணியில் சுற்றியே கிடந்தது. அதற்கேற்ற வடிவம் வரட்டும் என்று காத்திருந்தேன். போன மாதம் பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது கை தவறிக் கீழே விழுந்து இரண்டாகிவிட்டது. உள்ளே குறுக்காக ஒரு வெள்ளைக் கால்சைட் நரம்பு, அதன் ஓரமெல்லாம் பைரைட் பொட்டுகள். முழுதாக இருந்தபோது வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஒரு பாதியை அறுத்து, அந்த நரம்பு நடுவில் வரும்படி பதக்கமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். மறுபாதி திரும்பவும் துணிக்குள் போய்விட்டது.