சுவரோரம் நின்ற மாணவர்

வணக்கம் சார்,

ஊர் திண்டுக்கல். லண்டனில் கிராஃபிக் டிசைன் முதுகலை படிக்கிறேன். எங்கள் பேராசிரியரிடம் ஒரு டிக்கெட் மிஞ்சியதால் வடிவமைப்புக்கும் விளம்பரத்துக்கும் விருது தரும் டி அண்ட் ஏ.டி விழாவுக்குப் போனேன். மேடையில் ஒவ்வொரு படைப்பைப் பற்றியும் ஒரு குட்டிப் படம் ஓடியது. உலகமே மாறிவிட்டதுபோல இசை, கைதட்டல். விழா முடிந்த பிறகு எல்லோரும் எல்லோரையும் தெரிந்தவர்களாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். இந்தத் தொழில் நமக்கு ஒத்துவராதோ என்ற சந்தேகத்தோடு அறைக்குத் திரும்பினேன். மாணவர்கள் இதற்கெல்லாம் போவதில் பயன் உண்டா?

ச., லண்டன்

அன்புள்ள ச.,

உண்டு. ஆனால் அந்தக் குட்டிப் படங்களை வைத்து உங்களை அளக்காதீர்கள். கேஸ் ஃபிலிம் என்று சொல்வார்கள். நடுவர்களைக் கவர்வதற்கென்றே விளம்பர ஏஜென்சிகள் செலவு செய்து எடுப்பவை. விளம்பரத்துக்கு ஒரு விளம்பரம். 2025இல் கான் லயன்ஸ் விளம்பர விழாவில் பிரேசிலின் டி.எம்.9 ஏஜென்சி வாங்கிய கிராண்ட் ப்ரீ என்ற உச்ச விருது ஒன்று, அதன் கேஸ் ஃபிலிமில் செயற்கை நுண்ணறிவால் திரித்த காட்சிகள் இருந்தது தெரிந்ததும் பறிபோனது. எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. இசையைக் கழித்துவிட்டுப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

டி அண்ட் ஏ.டி 1962இல் லண்டன் வடிவமைப்பாளர்களும் ஆர்ட் டைரக்டர்களும் சேர்ந்து தொடங்கியது. அவர்கள் தரும் விருதுக்குப் பென்சில் என்று பெயர். மரம், கிராஃபைட், மஞ்சள், அதற்கு மேல் கறுப்பு என்று படிகள். தகுதியானது இல்லையென்றால் கொடுக்கவே மாட்டார்கள். கறுப்புப் பென்சில் யாருக்கும் கிடைக்காத ஆண்டுகள்கூட உண்டு. நுழைவுக் கட்டணமும் லேசில்லை. ஆகவே மேடைக்கு வராத நல்ல வேலை வெளியே நிறைய இருக்கிறது. சின்ன ஸ்டூடியோக்கள் பல, பணம் கட்டிப் போட்டிக்கு அனுப்புவதே இல்லை.

சரி, அன்று நீங்கள் பார்க்காமல் விட்டது எது தெரியுமா? பெயர்ப்பட்டியல். வென்ற படைப்புகளை அவர்கள் இணையத்தில் வைத்திருக்கிறார்கள், யார் யார் என்ன செய்தார்கள் என்ற விவரத்தோடு. போய் வாசியுங்கள். மேடையில் ஏறியவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். பட்டியல் நீண்டுகொண்டே போகும். எழுத்துரு செய்தவர், ஓவியம் வரைந்தவர், படங்களை ரீடச் செய்து திருத்தியவர், எடிட்டர், ஒலி அமைத்தவர், கிளையன்டிடம் மல்லுக்கு நின்றவர். விளம்பரத்தில் வேலை என்றால் வாசகம் எழுதும் காப்பிரைட்டர், காட்சியைத் தீர்மானிக்கும் ஆர்ட் டைரக்டர் என்ற இரண்டு நாற்காலிகள்தான் என்று கல்லூரியில் ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. பட்டியல் அதைப் போக்கும். அப்புறம், விளம்பரப் பிரிவுகளைவிட்டு டைப்போகிராஃபி (எழுத்தமைப்பு), புத்தக வடிவமைப்பு, பேக்கேஜிங் பக்கம் போங்கள். அங்கே கேஸ் ஃபிலிம் பூச்சு குறைவு. பொருளையே பார்க்கலாம், எப்படிச் செய்திருப்பார்கள் என்று ஓரளவு ஊகிக்கவும் முடியும்.

அதே அமைப்பு மாணவர்களுக்கும் புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கும் நியூ பிளட் என்றொரு போட்டி வைக்கிறது. நிஜமான நிறுவனங்களே ப்ரீஃப், அதாவது என்ன செய்ய வேண்டும் என்ற வேலைக் குறிப்பு, தருகின்றன. தொழிலில் இருப்பவர்களே நடுவர்கள். வெல்வது இரண்டாம்பட்சம். ஒரு ப்ரீஃபை எடுத்துச் செய்து முடித்தால், உங்கள் வேலைகளைக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் ஒரு நல்ல பக்கம் சேரும்.

சுவரோரம் நின்றதற்கு வருத்தப்பட வேண்டாம். விருது வாங்கியவருக்கு அன்று இரவு யார் கை கொடுத்தார் என்பது நினைவிருக்காது. விழாவில் அறிமுகம் செய்துகொள்வதைவிட அடுத்த வாரம் கடிதம் எழுதுவது மேல். பட்டியலில் நடுவில் இருக்கும் ஒரு பெயரைத் தேர்ந்தெடுங்கள். அவர் செய்த ஒரே ஒரு விஷயத்தைப் பற்றிக் கேளுங்கள்: அந்த எழுத்துகளுக்கு இடையே ஏன் அவ்வளவு நெருக்கம், அந்த அட்டைக்கு ஏன் அந்தத் தாள் என்று. நாலு வரி போதும். வேலை கேட்காதீர்கள். உங்கள் போர்ட்ஃபோலியோ இணைப்பு கையெழுத்துக்குக் கீழே இருக்கட்டும். பார்க்க நினைப்பவர் பார்த்துக்கொள்வார்.